உதட்டில் ஊரும் எறும்பு: இரத்தத்தில் கால்சியம் ஏன் குறைகிறது, குறைந்தால் என்ன செய்வது

பயிற்சி மருத்துவராக இருந்த காலம். அறுவைச் சிகிச்சை வார்டில் ஓர் அம்மா. கழுத்துக் கழலைக்காகத் தைராய்டு முழுவதையும் எடுத்து இரண்டாம் நாள் சாயங்காலம். இட்லி சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். தையல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகரப் போனேன். "தம்பி, காலையில இருந்து உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரியே இருக்குதுங்க. விரல் நுனியும் மதமதன்னு இருக்கு. மருந்து ஒத்துக்கலையோ என்னமோ" என்றார். மயக்க மருந்தின் மிச்சமாக இருக்கும் என்று நினைத்து, சரியாகிவிடும் அம்மா என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த மூத்த மருத்துவர் நின்றுவிட்டார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அந்த அம்மாவின் கையில் சுற்றி, மேல் அழுத்தத்தைவிட 20 புள்ளி கூடுதலாகக் காற்றடித்து, அப்படியே பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கை தானாகவே அசையத் தொடங்கியது. மணிக்கட்டு மடங்கியது, விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது. கண்ணாடி வளையல் ஏற்றும்போது வளையல்காரர் கையைக் குவிக்கச் சொல்வாரே, அச்சு அசல் அதே வடிவம். ஆனால் அந்த அம்மா குவிக்கவில்லை. விரிக்கவும் அவரால் முடியவில்லை. பயந்துபோய் என்னைப் பார்த்தார். அன்று இரவு வந்த அறிக்கையில் கால்சியம் 6.8. குறைந்தது 8.5 இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையை 1861இல் விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் த்ரூசோ. ஒரு பட்டையும் மூன்று நிமிடப் பொறுமையும் போதும். காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டி, உதட்டோரம் துடிக்கிறதா என்று பார்க்கும் ஷ்வோஸ்டெக் சோதனையும் இருக்கிறது. ஆனால் அது நலமாக இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்காவது துடிக்கும், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. த்ரூசோ சோதனை அப்படி ஏமாற்றுவது அரிது.

நம் ஊரில் கால்சியம் என்றாலே 'சுண்ணாம்புச் சத்து', சுண்ணாம்புச் சத்து என்றாலே எலும்பு. மூட்டு வலித்தால் கால்சியம் குறைந்துவிட்டது என்போம், மருந்துக் கடையில் ஒரு அட்டை மாத்திரை வாங்குவோம். இரத்தத்தில் கால்சியம் குறைவது வேறு விஷயம். எலும்பு தேய்ந்து, இடுப்பு முறிந்து வரும் பாட்டிக்கு இரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நம் உடம்பில் இருக்கும் சுமார் ஒரு கிலோ கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சொற்பம். ஆனால் நரம்பு, தசை, இதயம் எல்லாம் அந்தச் சொற்பத்தை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால் உடம்பு எலும்பைக் கரைத்தாவது இரத்தத்தின் அளவை ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் பால் குடிக்காவிட்டாலும் அந்த எண் அசையாது.

அப்படிப்பட்ட எண் இறங்கிவிட்டது என்றால், காவல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எந்தக் காவல் என்று கேட்காமல் மாத்திரையை மட்டும் விழுங்கினால் பல நேரம் எண் ஏறாது. ஏறினாலும் நிற்காது.

கால்சியம் குறைந்தால் நரம்புகள் சும்மா இருக்க முடியாமல் துடிக்கும். நரம்புச் செல்லின் சுவரில் இருக்கும் சோடியம் வாசல்கள் எளிதில் திறந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதே கால்சியம்தான். அது குறைந்தால் வாசல்கள் லேசான தூண்டலுக்கும் திறந்துகொள்ளும். முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊறல். அடுத்து கெண்டைக்கால் குரக்கு பிடிப்பது, கை இழுத்துக்கொள்வது. இன்னும் குறைந்தால் குரல்வளைத் தசை இறுகி மூச்சுத் திணறும், வலிப்பு வரும். இதய மின்வரைபடத்தில் க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகளின் மின்தூண்டல் தொடங்கி அடங்கும் நேரம், நீளும். அது நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. எறும்பு ஊர்வதாக ஒருவர் சொல்லும்போதே காதில் வாங்கிக்கொண்டால், மீதி எதுவும் வராமல் தடுத்துவிடலாம்.

காவலாளிகள் யார் என்றால், தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசியின் அளவு, எடை சுமார் 30 முதல் 40 மில்லிகிராம். இரத்தத்தில் கால்சியம் துளி குறைந்தாலும் நொடிகளில் பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கும், சிறுநீரில் வீணாகாமல் பிடிக்கும், சிறுநீரகத்தில் வைட்டமின் டியை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும். அந்த வைட்டமின் டி, குடலில் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வைக்கும்.

இந்தச் சுரப்பிகளை மனிதர்கள் வெகுகாலம் பார்க்கவே இல்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849இல் செத்துப்போன இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்தபோது, தைராய்டோடு ஒட்டிய சிறு மஞ்சள் உருண்டையைக் குறித்து வைத்தார். மனித உடலில் அதைத் தெளிவாகக் கண்டு எழுதியவர் ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சான்ட்ஸ்ட்ரோம், 1880இல். அவருடைய வேலையை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே காலத்தில் வியன்னாவில் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத்தின் நோயாளிகள் தைராய்டு எடுத்தபின் கை இழுத்துத் துடித்தார்கள். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னாளில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் ஒரு விளக்கம் தந்தார். சுவிட்சர்லாந்தின் தியோடர் கோகர் நிதானமாக, துளி இரத்தம் சிந்தாமல், தைராய்டை முழுதாக உரித்தெடுப்பவர். அவருடைய நோயாளிகளுக்குத் தைராய்டு குறைபாடு வந்தது, இழுப்பு வரவில்லை. பில்ரோத் வேகக்காரர். தைராய்டில் கொஞ்சத்தை விட்டுவிட்டு, பின்னால் ஒட்டியிருந்த அரிசிகளைச் சேர்த்து எடுத்திருக்கிறார். 1909இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மெக்கல்லமும் ஃபோக்ட்லினும், பாராதைராய்டு எடுக்கப்பட்ட நாய்களின் துடிப்பு கால்சியம் ஏற்றியதும் அடங்குவதைக் காட்டினார்கள். கோகருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

இன்றும் பெரியவர்களுக்குப் பாராதைராய்டு செயலிழக்க முதல் காரணம் கழுத்து அறுவைச் சிகிச்சைதான். சுரப்பியைத் தவறுதலாக எடுத்துவிடத்தான் வேண்டும் என்பதில்லை. அதற்கு வரும் நூல் போன்ற இரத்தக் குழாய் நசுங்கினாலே சில வாரங்களுக்குச் சுருண்டுவிடும். தைராய்டு முழுவதையும் எடுத்தவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்குத் தற்காலிகமாகக் கால்சியம் இறங்குகிறது. நிரந்தரமாக நின்றுபோவது நூற்றுக்கு ஓரிருவருக்கு. பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அளவு அடிமட்டத்துக்குப் போகும். ஆனால் பலரை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எனக்குக் கவலை தருவது இதுதான். ஊறல் வரும்போது நோயாளி பேருந்திலோ வீட்டுத் திண்ணையிலோ இருப்பார். வீட்டுக்கு அனுப்பும்போதே உதடு, விரல், கால் சதை இந்த மூன்றைப் பற்றியும் அவருக்கும் கூட இருப்பவருக்கும் சொல்லியாக வேண்டும். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் பாராதைராய்டு ஹார்மோனை ஒருமுறை பார்த்துவிட்டால், யாருக்கு இறங்கும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடமே தங்கும் என்பதால் சுரப்பி நின்றால் உடனே அளவு விழுந்துவிடும்.

அடுத்தது வைட்டமின் டி. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இந்தக் குறைபாடா என்று பலர் கேட்பார்கள். கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி செய்ய அதிக நேரம் வெயில் வேண்டும். நாமோ காலையில் இருட்டோடு கிளம்பி, அலுவலகத்தில் இருந்து, இருட்டில் திரும்புகிறோம். உடம்பு முழுக்க மூடும் உடை வேறு. தாய்க்குக் குறைவு என்றால் குழந்தைக்கும் குறைவு. தாய்ப்பால் மட்டும் குடித்து நன்றாக வளரும் கைக்குழந்தை காய்ச்சல் எதுவும் இல்லாமல் திடீரென்று வெட்டி இழுத்தால், கால்சியம் பார்க்காமல் விடக் கூடாது. முதல் ஆண்டு முழுக்கத் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சிறுநீரகம் பழுதானால் வைட்டமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறாது, பாஸ்பேட்டும் வெளியேறாமல் தங்கும், கால்சியம் இறங்கும். மக்னீசியம் குறைந்தாலும் அப்படித்தான், ஆனால் அது பலர் கண்ணில் படாமல் போய்விடுகிறது. மக்னீசியம் இல்லாமல் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்காது, சுரந்தது வேலையும் செய்யாது. குடிப்பழக்கம், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, அப்புறம் வருடக் கணக்கில் வெறும் வயிற்றில் போடும் பான்டோப்பிரசோல், ஓமெப்பிரசோல் போன்ற மாத்திரைகள் மக்னீசியத்தைக் குறைக்கும். இவர்களுக்குப் பாட்டில் பாட்டிலாகக் கால்சியம் ஏற்றினாலும் எண் அசையாது. மக்னீசியம் கொடுத்த பிறகுதான் நகரும்.

கணைய அழற்சியில் வயிற்றுக்குள் கொழுப்பு கரைந்து கொழுப்பமிலமாகி, கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாக மாறுகிறது. உவமை சொல்லவில்லை, சோப்பு காய்ச்சுவதில் நடக்கும் அதே வேதியியல்தான். நிறைய இரத்தம் ஏற்றும்போது பையில் உறையாமல் இருக்கச் சேர்த்த சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஸோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஊசிகள் எலும்பு கரைவதை நிறுத்திவிடுவதால், வைட்டமின் டி ஏற்கெனவே குறைந்தவருக்குப் போட்டால் கால்சியம் சரிந்துவிடும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு டெனோசுமாப் போடுவதில் உள்ள இந்த ஆபத்தைப் பற்றி அமெரிக்க மருந்துத் துறை 2024 ஜனவரியில் தன் உச்சகட்ட எச்சரிக்கையை வெளியிட்டது. ஊசிக்கு முன் வைட்டமின் டியும் கால்சியமும் பார்ப்பது அவ்வளவு சிரமமான வேலை இல்லை.

பிறகு, வலிப்பு நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். பாராதைராய்டு தானாகவே பழுதாகி, மெதுவாகக் கால்சியம் இறங்கிய இளைஞர்கள் வருடக் கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள், வலிப்பு நிற்காது. ஃபெனிடாய்ன் போன்றவை வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைத்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். சின்ன வயதிலேயே கண்ணில் புரை, ஸ்கேனில் மூளையின் நடுவே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் விஷயத்தைப் பிடித்துவிடுவார். சில நூறு ரூபாய்ப் பரிசோதனை. வலிப்பு என்று வரும் ஒவ்வொருவருக்கும் அதை ஒரு தடவையாவது செய்ய வேண்டும் என்று உரக்கச் சொல்லத் தோன்றுகிறது.

அறிக்கையில் வரும் எண்ணும் சில நேரம் ஏமாற்றும். இரத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ பாதி அல்புமின் போன்ற புரதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்வது ஒட்டாத அயனிக் கால்சியம் மட்டுமே. கல்லீரல் கெட்டு அல்புமின் 2.5 ஆன ஒருவருக்குக் கால்சியம் 7.6 என்று வந்தால் பதற வேண்டாம். அல்புமின் 4இலிருந்து எவ்வளவு குறைவோ அதை 0.8ஆல் பெருக்கிக் கூட்டினால் 8.8 வரும். அது சரியான அளவுதான். இந்தக் கணக்கு தோராயம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளப்பதே நல்லது. இதற்கு எதிர்மாறாக, பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடுபவருக்கு இரத்தத்தின் காரத்தன்மை கூடி, மொத்தக் கால்சியம் சரியாக இருந்தும் அயனிக் கால்சியம் இறங்கிக் கை இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இனம். அது ஒரு துளி மற்ற குழாயில் கலந்தாலும் கால்சியம் 3, பொட்டாசியம் 9 என்று அறிக்கை வரும், நோயாளி டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். திரும்ப இரத்தம் எடுத்தால் போதும்.

உண்மையிலேயே குறைவுதான் என்றால், காரணத்தைப் பிரிக்க பாஸ்பேட்டும் பாராதைராய்டு ஹார்மோனும் போதும், ஏறக்குறைய. கால்சியம் இறங்கியும் ஹார்மோன் ஏறவில்லை, பாஸ்பேட் கூடியிருக்கிறது என்றால் சுரப்பி வேலை செய்யவில்லை. ஹார்மோன் எகிறியிருக்கிறது, பாஸ்பேட் குறைவு என்றால் வைட்டமின் டி இல்லை. இரண்டும் கூடி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கூடியிருந்தால் சிறுநீரகம். மக்னீசியத்தை எல்லோருக்கும் பார்த்துவிட வேண்டும்.

அவசர சிகிச்சை எப்படி இருக்கும் என்று கிராமத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தொழுவத்தில் பார்த்திருப்பார்கள். நிறையப் பால் கறக்கும் கலப்பினப் பசு கன்று போட்ட மறுநாள் எழுந்திருக்காது. கழுத்தை வளைத்து விலாவில் தலையைச் சாய்த்துப் படுத்திருக்கும், காது சில்லென்று இருக்கும். பால் காய்ச்சல் என்பார்கள், ஆனால் காய்ச்சல் இருக்காது. சீம்பாலுக்கு ஒரேயடியாகக் கால்சியம் இறங்கிவிட்டதால் வந்தது. கால்நடை மருத்துவர் 450 மில்லி கால்சியம் பாட்டிலைக் கொம்புக்கு மேல் தூக்கிப் பிடித்து, கழுத்து இரத்தக் குழாயில் மெதுவாக இறக்குவார், இன்னொரு கையால் இதயத் துடிப்பைக் கவனித்தபடி. பசுவின் தோல் நடுங்கும், ஏப்பம் விடும், சாணி போடும், பல நேரம் பாட்டில் முடிந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிடும். பசுவுக்குத் தசை துவளும், மனிதருக்கு இறுகும், அது ஒரு வித்தியாசம். மெதுவாக ஏற்ற வேண்டும் என்பது இருவருக்கும் ஒன்றுதான்.

மனிதருக்கு, கை இழுப்போ வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால், க்யூடி நீண்டிருந்தால், அல்லது அளவு திடீரென 7.5க்குக் கீழே போனால் இரத்தக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 10 சதவீதக் கால்சியம் குளூக்கோனேட் 10 மில்லி குப்பியில் இருக்கும் உண்மையான கால்சியம் சுமார் 90 மில்லிகிராம். ஒன்றிரண்டு குப்பியை 50 முதல் 100 மில்லி டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 10 முதல் 20 நிமிடத்தில், மானிட்டரைப் பார்த்தபடி ஏற்றுவார்கள். அவசரப்பட்டுத் தள்ளினால் இதயத் துடிப்பு நின்றே போகலாம். டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுபவருக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். மருந்து இரத்தக் குழாயைவிட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை வெந்துபோகும். எரிகிறது என்று நோயாளி சொன்ன உடனே நிறுத்த வேண்டும். ஒரு தடவை ஏற்றியது இரண்டு மூன்று மணி நேரம்தான் தாங்கும், அதனால் தொடர்ந்து சொட்டு சொட்டாக ஓட விட்டு, இடையிடையே அளந்து, கூடவே மாத்திரையையும் தொடங்கிவிடுவார்கள்.

நீண்ட காலச் சிகிச்சையில் நுணுக்கம் அதிகம். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராமில் 500 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும், எனவே சாப்பாட்டோடு போட வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு கால்சியம் சிட்ரேட் பொருந்தும். தைராய்டு எடுத்தவர்கள் காலையில் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையும் கால்சியமும் சேர்த்து விழுங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராக்சின் உடம்பில் சேராது. சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கு, வாரம் ஒன்று என்று போடும் 60,000 யூனிட் வைட்டமின் டியை மட்டும் நம்ப முடியாது. அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சொல்லும் ஹார்மோனே அவர்களிடம் இல்லை. அதனால்தான் ஏற்கெனவே மாற்றப்பட்ட கால்சிட்ரியால், 0.25 மைக்ரோகிராம் கணக்கில்.

இவர்களுக்கு அளவை நடுவாந்திரத்துக்கு ஏற்றிவிடக் கூடாது. 8லிருந்து 9க்குள், ஊறல் இல்லாத அளவுக்கு வைத்தால் போதும். ஹார்மோன் இல்லாத சிறுநீரகம் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தாது, ஏற ஏற சிறுநீரில் கொட்டும், கல் சேரும், வருடங்கள் போனால் சிறுநீரகமே கெடும். இரத்தத்தோடு 24 மணி நேரச் சிறுநீரிலும் கால்சியத்தை அளப்பது இதற்காக. இல்லாத ஹார்மோனையே ஊசியாகப் போடும் வழியும் வந்தது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து 2019இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது, 2024 முடிவில் உற்பத்தியே நின்றது. அதை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தினம் ஒரு ஊசியாகப் போடும் பாலோபெக்டெரிபாராடைட் 2023இல் ஐரோப்பாவிலும் 2024இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றிருக்கிறது.

சாப்பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல், முள்ளோடு தின்னும் நெத்திலியில் தாராளம். ஆனால் கழுத்து அறுவைக்குப் பிறகு உதடு ஊறும்போது கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை.

அந்த அம்மாவுக்கு அன்று இரவு முழுக்கச் சொட்டு ஓடியது. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மணிக்கொரு தடவை விரலை விரித்துக் காட்டச் சொன்னேன். ஐந்தாம் நாள் கால்சியம் கார்பனேட்டும் கால்சிட்ரியாலுமாக வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாதம் வந்தபோது கால்சியம் 8.7, பாராதைராய்டு ஹார்மோன் திரும்பச் சுரக்கத் தொடங்கியிருந்தது. "அப்ப மாத்திரையை நிறுத்திரட்டுங்களா தம்பி?" என்று கேட்டார். ஒரேயடியாக வேண்டாம், முதலில் ஒரு கால்சிட்ரியாலைக் குறைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள், இடையில் உதட்டில் எறும்பு ஊர்ந்தால் தேதியைப் பார்க்காமல் அன்றைக்கே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.